போய்வந்தவர் காட்டிய தீவு

மைக்கைப் பிடித்தால் விடாத கூட்டத் தலைவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பந்தி விசாரிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுகிற சம்பந்தியையும் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டுப் பத்திரிகையை உங்களுக்கு முன்னால் படித்துவிட்டு உங்களுக்கே செய்தி சொல்லுகிற பக்கத்து வீட்டுக்காரர் உங்களுக்குப் புதியவர் இல்லை. இவர்கள் எல்லோரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, மறு தட்டில் ஒரே ஓர் ஆளை உட்கார வைத்தால், அந்த ஓர் ஆள் பக்கம்தான் தட்டு தாழும். அவர்தான் போய்வந்தவர்.

எங்கே போய்வந்தவர் என்று கேட்கிறீர்களா? நீங்கள் எங்கே போகப்போகிறீர்களோ, அங்கே.

நீங்கள் திருப்பதிக்குப் புறப்படுகிறீர்கள் என்று வையுங்கள். மஞ்சள் பையில் துண்டும் சீப்புமாகத் தெருமுனையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிரே வருவார். "எங்க, திருப்பதிக்கா?" என்று கேட்டு ஒரு சின்னச் சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்பிலேயே உங்கள் பயணம் பாதி பழசாகிவிடும். அப்புறம் எந்தப் படி வழுக்கும், எந்தக் குழாயில் தண்ணீர் வராது, எந்த ஓட்டலில் சாம்பாரைத் தொடக்கூடாது என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் பெருமாள் எப்படி இருப்பார் என்பதையும் சொல்லி அனுப்பிவைப்பார். திரும்பி வந்தபிறகாவது விடுவாரா? "எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்கமாட்டார். "எடது பக்கம் ஒரு தூண் இருக்குமே, பாத்தீங்களா?" என்பார். இடது பக்கம் இல்லாத ஊர் உலகத்தில் உண்டா? அந்தப் பக்கம் தூணோ மரமோ சுவரோ ஏதோ ஒன்று இல்லாமல் போகுமா? நீங்கள் யோசிப்பீர்கள். யோசித்தால் தொலைந்தீர்கள். "பாக்கலியா? அப்ப போனதே தண்டம்" என்று சொல்லிவிட்டு, உங்கள் லட்டில் பாதியை வாயில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

இந்த இனத்தாருக்கு ஒரே ஒரு விரதம் உண்டு. எதற்கும் ஆச்சரியப்படக்கூடாது. கோபுரமே கண்ணெதிரே சாய்ந்தாலும், "ஆமா, சாயும். நான் போனப்பவே கொஞ்சம் சாஞ்சுதான் இருந்துச்சு" என்று சொல்லவேண்டும். ஏகாதசி விரதத்தை விட்டாலும் இதை விடமாட்டார்கள்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுத்தறி வைத்திருந்த மயில்வாகன முதலியார் இந்த இனத்தில் நல்ல ஜாதி. உயரமான ஆள், நெற்றி நிறைய விபூதி, கரையையும் உடலையும் கோத்துக் கோர்வைப் புடவை நெய்வதில் கெட்டிக்காரர், சாதுவும்கூட. ஆனால் தெருவில் யாராவது எங்காவது புறப்படுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் ஊடிழை ஓட்டும் நாடாவை அப்படியே போட்டுவிட்டுத் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்துவிடுவார். அவர் போய்வந்த ஊர்களின் வரிசை நீளமானது. அதில் எத்தனை ஊருக்கு அவர் போனார், எத்தனை ஊர் அவரிடம் வந்தது என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

அந்தச் சமயத்தில்தான் கடற்கரைக்கு ஒரு யோகம் அடித்தது.

கடலோர உல்லாச அபிவிருத்திச் சங்கம் என்று ஒன்று புறப்பட்டு, கடல் பார்க்க வருகிற ஜனங்கள் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துவிட்டு, சுண்டலைத் தின்றுவிட்டு, பஸ் ஏறிப் போய்விடுகிறார்களே, இவர்களை ஒரு நாள் பூராவும் நிறுத்திவைக்க வழி என்ன என்று ஆலோசித்தது. கடல் இருக்கிறது, கரை இருக்கிறது, நடுவில் ஒன்றையும் காணோமே என்று ஒரு பெரிய மனிதருக்குக் குறை. தீவு ஒன்று இருந்தால் தேவலை. இல்லையே? இல்லாவிட்டால் என்ன, செய்துகொண்டால் போயிற்று. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தை ஒட்டிய உப்பங்கழியில், அடிச்சேற்றை வாரி நடுவிலே குவித்து, சுற்றிலும் கருங்கல் அடுக்கி, சவுக்கங்கன்றுகளை நட்டு, ஓலைக் குடைகளை நிறுத்தி, படித்துறைக்கு இடது பக்கத்தில் வாலைத் தூக்கி வாயைத் திறந்தபடி ஒரு சிமெண்டு மீனையும் வைத்து, அதன் வாயிலிருந்து தண்ணீர் பீறிட உள்ளே ஒரு குழாயும் விட்டு, 'இன்பத் தீவு' என்று பலகை மாட்டிவிட்டார்கள். ஆண்டவன் மறந்துபோன வேலையைச் சங்கம் செய்து முடித்தது.

மயில்வாகனம் அந்தத் தீவுக்குப் போய்வந்த கதையைக் கேளுங்கள்.

செங்கல்பட்டில் ஒரு கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேன் பிடித்துத் தீவு பார்க்கக் கிளம்பினார்கள். இவரும் ஏறிக்கொண்டார். கழிக்கரையில் இறங்கிப் படகைப் பார்த்தார். அது நின்ற இடத்திலேயே இப்படியும் அப்படியும் ஆடிற்று. பாதி ஆயுளைத் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுக் கழித்தவர் அவர். ஆனால் அந்தக் குழிக்கு அடி உண்டு. இதற்கு? இரண்டு அடி பின்வாங்கினார். "செருப்பையெல்லாம் யாராச்சும் பாத்துக்கணும் இல்ல? நீங்க போய்ட்டு வாங்கப்பா, நான் இருக்கிறேன்" என்றார். அவர்கள் போனார்கள். இவர் ஒரு குவியல் செருப்புக்குக் காவலாக, பனைமர நிழலில், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழங்கால்வரை நனைந்து திரும்பி வந்தவர்கள் வழியெல்லாம் மீனையும் குடையையும் பற்றி ஒரே சமயத்தில் பேசினார்கள். இவர் ஒன்றையும் விடாமல் கேட்டுக்கொண்டார்.

அவர்கள் போனார்கள் என்பது வாலாஜாபாத் தாண்டும்போது நாங்கள் போனோம் என்று ஆயிற்று. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது நான் போனேன் என்று ஆகிவிட்டது. மனைவி தையல்நாயகி காப்பி கொண்டுவந்து வைத்தபோது மீன் துப்பிய தண்ணீர் அவர் முகத்திலேயே பட்டிருந்தது.

"சுத்தி நாலா பக்கமும் கடல். யானை முழுவும். திரும்பிப் பாத்தா கரையே தெரியாது" என்றார்.

"அப்பிடியா" என்றாள் தையல்நாயகி. வேட்டியைத் துவைக்க எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் குழாயடியில் தையல்நாயகி அந்தத் தீவை எல்லோருக்கும் சொன்னாள். பக்கத்து வீட்டுச் சம்பூர்ணம் அதைக் கேட்டுக்கொண்டு போய், அய்யம்பேட்டையிலிருந்து வந்த தன் நாத்தனாருக்குத் தானே நேரில் பார்த்தமாதிரி சொன்னாள். தெருக்கோடியில் புண்ணாக்குக் கடை வைத்திருந்த கண்ணாயிரம் அதைத் தன் சொந்த ஊரான தாமலுக்குக் கொண்டுபோனார். தாமலில் பெரிய ஏரி உண்டு. எந்தத் தண்ணீரைப் பற்றிப் பேச்சு வந்தாலும் "எங்க ஏரியில ஒரு மூலைக்கு வருமா?" என்று கேட்கிற வழக்கமுள்ள கண்ணாயிரம், அங்கே போய் மட்டும், "நான் போன தீவுல மீனு தண்ணி துப்புதுப்பா" என்று சொல்லிவிட்டு வந்தார். ஒரே மாதத்தில், அந்தத் தெருவில் தீவுக்குப் போகாதவர் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. போனவர் என்று சொல்லவும் இல்லை.

வினை அங்கேதான் பிடித்தது. எல்லோரும் நிஜமாகவே ஒருதரம் போய்வந்துவிடலாம் என்று சம்பூர்ணம்தான் ஆரம்பித்தாள். கண்ணாயிரம் தன் கடை வேனைத் தருவதாகச் சொன்னார். "அண்ணாதான் கூட்டிக்கினு போயி எல்லாத்தையும் காட்டணும்" என்று தெரு முழுவதும் மயில்வாகனத்தின் வாசலில் வந்து நின்றது.

அவருக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. விஷயம் வெறும் தண்ணீர் பயம் மட்டும் இல்லை. பிள்ளையார்பாளையத்தில் ஒருவனுக்கு ஒரு பேர் விழுந்தால் அது பேரன்வரைக்கும் போகும். கச்சேரியில் தூங்கிப் பக்கத்து ஆள் மடியில் விழுந்த ஒருவரின் வீடு, அவர் செத்து மண்ணான பிறகும் 'தூக்கத்தார் வீடு' என்றுதான் வழங்குகிறது. அந்த வீட்டில் பெண் எடுக்க வருகிறவர்கள்கூட அப்படித்தான் வழி கேட்கிறார்கள். தான் செருப்புக்குக் காவல் இருந்த சங்கதி வெளியே வந்தால் என்ன பேர் விழும் என்று மயில்வாகனத்துக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. செருப்பு முதலியார். செருப்பு முதலியார் மகன். செருப்பு முதலியார் பேத்திக்குக் கல்யாணம்.

எந்த நாளில் போவது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மற்ற ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்கிறதே, அது பிள்ளையார்பாளையத்தில் அமாவாசையன்றுதான் வரும். தறிக்கு ஓய்வு அன்றைக்குத்தான். சினிமா பார்ப்பது, பல் பிடுங்கிக்கொள்வது, ஊருக்குப் போவது, கடல் பார்ப்பது எல்லாம் அமாவாசையில்தான். ஆகவே அந்தத் தெருக்காரர்கள் ஆயுளில் பார்த்த கடல் எல்லாமே அமாவாசைக் கடல். அன்றைக்குக் கடல் ஒரு குணத்திலும் மற்ற நாளில் வேறு குணத்திலும் இருக்கும் என்று அவர்களுக்கு யார் சொல்லுவார்கள்? ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் சொன்னால்தான் உண்டு. அவர்கள் வருகிற நாளில் இவர்கள் தறியில் இருந்தார்கள்.

அமாவாசையன்று விடிந்ததும் விடியாததுமாக வேன் புறப்பட்டது. புண்ணாக்கு வாசனைக்கு நடுவே பெண்கள் புளிச்சோற்றுத் தூக்குகளை மடியில் வைத்துக்கொண்டார்கள். மயில்வாகனம் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, தெரிந்த வழிக்கெல்லாம் வழி காட்டிக்கொண்டு போனார்.

கழிக்கரையில் இறங்கினால், தண்ணீர் தளும்பத் தளும்ப நின்றது. போன தடவை அவர் துண்டைத் தலையில் போட்டு உட்கார்ந்திருந்த பனைமரத்தின் அடியையே நனைத்துக்கொண்டிருந்தது. படகுக்கார முனிசாமி பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, வந்தவர்களைப் பார்த்தான்.

"இன்னாபா, அமாவாசையில வந்திருக்கீங்க? கொண்டுபோய் விட்டுர்றேன். ஆனா மத்தியானத்துக்குள்ள..."

"தெரியும், தெரியும்" என்றார் மயில்வாகனம்.

"இல்ல பெரியவரே, மத்தியானம் ஆச்சுன்னா..."

"அதான் தெரியும்னு சொல்றேனே. நான் போய்வந்தவன்பா."

முனிசாமி அவரை மேலும் கீழும் பார்த்தான். எங்கேயோ பார்த்த முகம் என்று யோசிப்பவனைப்போல் அவன் புருவம் சுருங்கியது. மயில்வாகனம் சட்டென்று துண்டால் முகத்தைத் துடைக்க ஆரம்பித்து, அதே கையோடு கடைசி முயற்சியும் செய்து பார்த்தார்.

"எல்லாரும் ஏறுங்க. செருப்பை நான் பாத்துக்கிறேன். நான்தான் பாத்த எடமாச்சே."

"நல்லா இருக்குது" என்றாள் சம்பூர்ணம். "நீங்க வராம எங்களுக்கு யாருண்ணா காட்டுறது?"

"செருப்பைக் கையில எடுத்துக்கலாம்" என்றாள் தையல்நாயகி. கணவனின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

மயில்வாகனம் படகில் ஏறினார். எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. நடுப்பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஏகாம்பரநாதரைக் கூப்பிட்டார். பயத்தில் சிலருக்குப் பல் கிட்டும், சிலருக்குக் கை நடுங்கும். நெசவுக்காரருக்குக் கால்கள் தாமாகவே நெய்ய ஆரம்பித்துவிட்டன. வலது கால், இடது கால், வலது கால் என்று இல்லாத மிதிப்பலகையை அவர் மிதித்த மிதியில், தீவைத் தொடுவதற்குள் ஒரு முழம் புடவை இறங்கியிருக்கும்.

"என்னா மொதலியாரே, கண்ணை மூடிக்கினீங்க?" என்றார் கண்ணாயிரம்.

"பாத்த தண்ணிதானே."

தீவில் இறங்கினார்கள். முழங்கால் தண்ணீரில்தான் இறங்கவேண்டியிருந்தது, ஏனென்றால் படித்துறையின் பாதிப்படிகள் தண்ணீருக்குள் இருந்தன. ஓலைக் குடைகளில் இரண்டு, கழியில் குளித்துக்கொண்டிருந்தன. இடது பக்கத்து மீனைப் பார்த்தார் மயில்வாகனம். அது தண்ணீர் துப்பவில்லை. தாடைவரைக்கும் தண்ணீரில் நின்றுகொண்டு, ஒவ்வொரு சிற்றலைக்கும் மளக் மளக்கென்று விழுங்கிக்கொண்டிருந்தது.

எல்லோரும் மீனைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் மயில்வாகனத்தைப் பார்த்தார்கள்.

"மீனு துப்பும்னீங்க" என்றார் கண்ணாயிரம். "இது குடிக்குதே."

இந்த இடத்தில் நீங்களோ நானோ இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? ஏதோ கோளாறு என்றிருப்போம். போய்வந்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

"குடிக்காம எப்படிப்பா துப்பும்? காலையில குடிக்கும். மத்தியானம் துப்பும்."

அதை அவர் சொன்ன நிதானத்தைப் பார்த்து அவருக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. அப்புறம் தீவைச் சுற்றிக் காட்டினார். தீவு அப்படியொன்றும் பெரிசில்லை. எல்லோரும் ஒரே திசையில் நடந்தால் முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவரின் முதுகைத் தொட்டுவிடுவார். நட்ட சவுக்கில் பாதி காய்ந்திருந்தது. "இதுதான் சவுக்கு" என்றார். "இதுதான் கல்லு" என்றார். "அதோ பாருங்க, அதுதான் கடலு" என்றார். ஒவ்வொன்றுக்கும் சம்பூர்ணம் "அடேயப்பா" என்றாள். பிறகு நிழல் இருந்த ஓலைக் குடைகளின் கீழ் நெருக்கியடித்து உட்கார்ந்து, புளிச்சோற்றைத் தின்றுவிட்டு, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிப்போனார்கள்.

முதலில் விழித்தது சம்பூர்ணம். அவள் போட்ட சத்தத்தில்தான் மற்றவர்கள் எழுந்தார்கள்.

மீன் துப்பிக்கொண்டிருந்தது. காலையெல்லாம் வயிறு முட்டக் குடித்த தண்ணீர், வெளியே நீர் இறங்கவும், திறந்த வாய் வழியாகத் தாரையாக ஒழுகிக்கொண்டிருந்தது. எல்லோரும் எழுந்து போய்ப் பார்த்தார்கள். ஒருத்தி கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டாள். உலகத்தில் இந்தக் காட்சியைக் கண்டு அதிகம் திகைத்த மனிதர் மயில்வாகனம்தான். ஆனால் விரதம் இருக்கிறதே.

"மத்தியானம் துப்பும்னு சொன்னேனா இல்லியா?" என்றார்.

அந்தப் பெருமை மீன் துப்பி முடிக்கும்வரைகூட நிலைக்கவில்லை. கண்ணாயிரம் மீனைப் பார்க்கவில்லை. கழியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மொதலியாரே. கடலு எங்க?"

கடல் இல்லை. காலையில் படகில் கடந்து வந்த இடமெல்லாம் கறுப்புச் சேறாகப் பளபளத்துக்கொண்டிருந்தது. அங்கங்கே குட்டை குட்டையாகத் தண்ணீர். நண்டுகள் சாவகாசமாக ஓடின. எதிர்க்கரையில், முனிசாமியின் படகு சேற்றில் ஒருக்களித்துப் படுத்திருந்தது. நாலா பக்கமும் கடல் சூழ்ந்த தீவு, இப்போது நாலா பக்கமும் சேறு சூழ்ந்த ஒரு மேடு. இதுவும் போதாதென்று குப்பத்து எருமை ஒன்று, யானை முழுகும் என்று சொன்ன இடத்தில் முட்டியளவு நனைந்து, நடந்தே தீவுக்கு வந்து, சவுக்கங்கன்றுகளை முகர்ந்து பார்த்தது.

"யானை முழுவும்னீங்களே" என்றார் கண்ணாயிரம். "எருமை நடந்து வருது."

மயில்வாகனம் எருமையைப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஆச்சரியப்படப்போகிறார் என்று தோன்றியது. நல்லவேளை, காப்பாற்றியதும் கண்ணாயிரமேதான். ஏரிக்கரையில் பிறந்தவருக்கு, நின்ற தண்ணீர் போய்விட்டது என்றால் காரணம் ஒன்றுதான்.

"எவனோ மதகைத் தொறந்து உட்டுட்டான்பா" என்றார் அவர். "எங்க தாமல்ல இப்பிடி ஒருத்தன் செஞ்சான். பஞ்சாயத்துல வெச்சுக் கேட்டாங்க."

மயில்வாகனம் பிடித்துக்கொண்டார். "தெனம் தொறப்பாங்க. மீனு துப்பினதும் மதகைத் தொறந்துரணும்னு இவங்க கணக்கு. நான் வந்தப்பவும் தொறந்தாங்க."

கடலுக்கு மதகு வைத்து எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தபோது, முனிசாமி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, சேற்றில் சளக் சளக்கென்று நடந்து வந்து சேர்ந்தான்.

"படகு இனிமே ராத்திரிக்குத்தான் வரும். அதான் காலையிலியே சொல்ல வந்தேன், சொல்ல உடலியே நீங்க. அமாவாசையில தண்ணி ஏறினா ஒரேயடியா ஏறும், வத்தினா ஒரேயடியா வத்தும். எழுந்து நடங்க" என்றவன், மயில்வாகனத்தின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். காலையில் சுருங்கிய புருவம் இப்போது மலர்ந்தது.

"அட, நீங்களா? அன்னிக்கி கல்யாணப் பார்ட்டியோட வந்து, படகுல ஏற பயந்துக்கினு, பனைமரத்தாண்ட செருப்புக்குக் காவல் குந்திக்கினு இருந்தீங்களே, அவருதானே நீங்க?"

மீன் கடைசிச் சொட்டை விட்டது. எருமை தலையைத் தூக்கியது. தறி, தெரு, மகன், பேத்தியின் கல்யாணப் பத்திரிகை எல்லாம் ஒருமுறை மயில்வாகனத்தின் கண்முன்னே வந்து போயின. நிஜமாகவே அழுகை வந்தது அவருக்கு. இத்தனை வருஷம் ஊரெல்லாம் சுற்றி வந்த மனிதரை, ஒரு குவியல் செருப்பு பிடித்துக் கொடுத்துவிட்டது.

இப்போது தெருவே கைகொட்டிச் சிரித்திருக்க வேண்டும் அல்லவா? பொறுங்கள். கண்ணாயிரம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். இவர் தீவுக்கு வரவில்லை என்றால், இவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு போய், "நான் போன தீவு" என்று தாமல் பஞ்சாயத்து மேடையிலே உட்கார்ந்து சொன்ன தன் கதி என்ன? சம்பூர்ணம் தன் நாத்தனாரை நினைத்தாள். வந்திருந்த ஒவ்வொருவருக்கும் வாலாஜாபாத்திலோ ஏனாத்தூரிலோ ஒரு நாத்தனார் இருந்தாள்.

"என்னாப்பா சொல்றே?" என்றார் கண்ணாயிரம், காதில் கையை வைத்து. "காத்துல ஒண்ணும் கேக்கல."

"செருப்புக்குக் காவல்..." என்று முனிசாமி சத்தமாக ஆரம்பித்தான்.

"ஒரே காத்து" என்றாள் சம்பூர்ணம். "கடலு இல்லாட்டியும் கடக்காத்து மட்டும் என்னா போடு போடுது."

அங்கே ஓர் இலைகூட அசையவில்லை. முனிசாமி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். காஞ்சிபுரத்துக்காரர்கள் மொத்தமும் செவிடு என்று முடிவு கட்டிக்கொண்டு, திரும்பி நடந்துவிட்டான்.

அப்புறம்தான் சேறு. கண்ணாயிரம் முதலில் இறங்கி, முட்டிக்குமேல் புதைந்து, "எங்க ஏரியில சேறு இப்பிடி இருக்காது" என்று புலம்பிக்கொண்டே அங்கேயே நின்றுவிட்டார். மயில்வாகனம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலை விட்டார். தொடைவரை போயிற்று. போய், நின்றது. அடி தட்டிற்று. அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. காலுக்குக் குழியும் குழிக்கு அடியும் இருந்துவிட்டால் நெசவுக்காரர் யாருக்குப் பயப்படவேண்டும்? வலது காலை மிதித்து, இடது காலை எடுத்து, தறியில் போகிற அதே நிதானத்தோடு அவர் போனார். "என் கால் போன எடத்துலியே வைங்க" என்று சொல்லிக்கொண்டு, ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கரையில் விட்டார். கண்ணாயிரத்தையும் பிடுங்கி எடுத்தார். செருப்புகளை மட்டும் சேறு வைத்துக்கொண்டது. ஒரு ஜோடி மிஞ்சவில்லை.

கடைசியாகத் தையல்நாயகியின் கையைப் பிடித்து வந்தபோது, பாதி வழியில் அவள் மெதுவாகச் சொன்னாள்.

"அன்னிக்கி உங்க வேட்டியைத் தோச்சவ நான். எல்லாரும் முட்டி வரைக்கும் நனைஞ்சாங்கன்னீங்க. உங்க வேட்டியில ஒரு சொட்டு உப்புத்தண்ணி இல்ல."

மயில்வாகனம் நின்றுவிட்டார். "தெரிஞ்சுமா குழாயடியில சொன்னே?"

"பின்ன என்னா? எம் புருஷன் போகலன்னு போய்ச் சொல்லவா?" என்றாள். சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிக்கொண்டு, "மீனு மத்தியானம் துப்பும்னீங்களே, அதைக் கேட்டு எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துருச்சு" என்றாள்.

அவர் அவள் கையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பொழுது சாய, இடுப்புவரை சேறு காய்ந்து, வெறுங்காலோடு, புண்ணாக்கு வேனிலிருந்து ஒவ்வொருவராகப் பிள்ளையார்பாளையத்தில் இறங்கினார்கள். வராமல் வீட்டில் இருந்தவர்கள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். எப்படி இருந்தது என்று கேட்டார்கள்.

"அதை ஏன் கேக்கறே" என்றாள் சம்பூர்ணம். "நாலா பக்கமும் கடலு. யானை முழுவும்."

"மீனு காலையில குடிக்குதுப்பா, மத்தியானம் துப்புது" என்றார் கண்ணாயிரம். "அப்புறம் மதகைத் தொறந்து உடறாங்க. அந்த மாதிரி மதகு எங்க தாமல்லகூட இல்ல."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததைக் கேட்டபிறகு, ஊரில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. மயில்வாகனத்துக்குப் பேர் ஒன்று விழத்தான் செய்தது. தீவு முதலியார். இன்றைக்கும் அந்த வீட்டுக்கு அப்படித்தான் வழி கேட்கவேண்டும்.

அப்புறமும் அந்தத் தெருவிலிருந்து பலபேர் தீவுக்குப் போனார்கள். எல்லோரும் அமாவாசையில்தான் போனார்கள். எல்லோரும் சேற்றில் செருப்பைத் தொலைத்துவிட்டு வந்து, யானை முழுகும் என்றார்கள். முதலில் போனவர்கள் சொன்னது பொய் என்று சொல்லவேண்டுமானால், தானும் சேற்றில் நடந்ததைச் சொல்லவேண்டுமே? அதற்கு எவன் துணிவான்?

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. நீங்கள் அந்தமாதிரி ஆள் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று. கால் நனையாமல், சாய்வு நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமல், படித்துறையையும் ஓலைக் குடையையும் சவுக்கங்கன்றையும் எருமையையும் இப்போது நீங்கள் பார்த்தாகிவிட்டது. நாளைக்கோ மறுநாளோ, யாராவது ஓர் அப்பாவி மஞ்சள் பையும் கையுமாக உங்கள் எதிரே வந்து, அந்தத் தீவுப் பக்கம் போய்த் திரும்பி வந்தேன் என்று சொல்லத்தான் போகிறார். அப்போது நீங்கள் வாயை மூடிக்கொண்டு நடந்துவிட்டால் உங்களுக்கு ஒரு கும்பிடு. நடக்கமாட்டீர்கள். ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்துவிட்டு, கேட்பீர்கள்:

"எடது பக்கம் ஒரு மீனு இருக்குமே, பாத்தீங்களா?"